‘சேமித்தாயிற்று’ என்று யார் யாரிடம் சொல்வது? ஸ்விங் சாளரங்களுக்கு இடையே ஐந்து வழிகள்

பட்டியல் சாளரம் திறந்திருக்கிறது. ஒரு வரியை இருமுறை சொடுக்கினால் திருத்தும் சாளரம் வருகிறது. பெயரை மாற்றி ‘சேமி’ பொத்தானை அழுத்துகிறீர்கள். தரவுத்தளத்தில் பெயர் மாறிவிட்டது. பட்டியலில் பழைய பெயரே நிற்கிறது. ஜாவாவின் ஸ்விங் என்ற சாளர நூலகத்தைக் கொண்டு டெஸ்க்டாப் நிரல் எழுதத் தொடங்கும் பலரும் முதல் சில வாரங்களிலேயே வந்து நிற்கும் முட்டுச்சந்து இது.

இங்கே பலருக்கு முதலில் தோன்றும் யோசனை, திருத்தும் சாளரத்தின் நிரலுக்குள் புதிதாக ஒரு பட்டியல் சாளர ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் புதுப்பிக்கும் மெத்தடை அழைப்பது. பிழைச் செய்தி வராது. மெத்தடும் ஒழுங்காக ஓடும். ஆனால் புதுப்பிக்கப்பட்டது திரையில் இருக்கும் பட்டியல் அல்ல, யார் கண்ணிலும் படாமல் நினைவகத்தில் அப்போதுதான் பிறந்த இன்னொரு பட்டியல். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நம் வீடு ஏன் திறக்கவில்லை என்று நிற்கிற கதை.

சரியான ஆப்ஜெக்டை எட்டுவதற்கு நல்ல வழிகள் பல இருப்பதுதான் அடுத்த சிக்கல். ஒருவர் மோடல் டயலாக் (மூடும்வரை மற்றச் சாளரங்களைத் தடுக்கும் சிறு சாளரம்) போதும் என்பார், இன்னொருவர் லிசனர் (நிகழ்வு நடந்ததும் அழைக்கப்படும் ஆப்ஜெக்ட்) எழுதச் சொல்வார், மூன்றாமவர் ஈவென்ட் பஸ் (நிகழ்வுகளை எல்லோருக்கும் கடத்தும் நடு ஆப்ஜெக்ட்) இல்லாமல் நிரலே எழுதக்கூடாது என்பார். மூவரும் அவரவர் நிரலைப் பொறுத்தவரை சரியாகவே இருக்கக்கூடும்.

## முதலில் அளவுகோல்கள்

நான் முதலில் கேட்பது, போகவேண்டிய செய்தி எந்த வகை என்பதை. ‘இந்தப் பெயரைத் திருத்திக் கொடு’ என்பது ஒரு கேள்வி. அதற்கு ஒரே ஒரு விடை வரும். ‘சேமித்தாயிற்று’ என்பது ஓர் அறிவிப்பு. ‘இப்போது தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது இந்த வாடிக்கையாளர்’ என்பது ஒரு நிலை. மூன்று சாளரங்கள் அதை ஒரே நேரத்தில் காட்டிக்கொண்டிருக்கலாம். இந்த மூன்றையும் ‘ஈவென்ட்’ என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

இரண்டாவது, ஆயுள். அனுப்புபவர், கேட்பவர் இருவரில் யார் அதிக நேரம் உயிரோடு இருப்பார்? ஜாவாவில் லிசனரைப் பதிவு செய்து வைத்திருக்கும் ஆப்ஜெக்ட் இருக்கும்வரை அந்த லிசனரும், அதைச் சார்ந்த சாளரமும் போகாது.

மூன்றாவது, எந்த கிளாஸுக்கு எந்த கிளாஸைத் தெரிந்திருக்கவேண்டும் என்பது. நான்காவது, தடம்: ஆறு மாதம் கழித்து வேறொருவர் நிரலைத் திறந்து ‘இந்தப் பொத்தானை அழுத்தினால் என்னென்ன நடக்கும்’ என்று தேடினால் விடை கிடைக்குமா?

த்ரெட் (நிரலின் வேலைகள் ஓடும் இழை) பற்றிய கேள்வியை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது ஐந்து வழிகளுக்கும் பொது என்பதால் பின்னால் தனியாக வருகிறது.

## மோடல் டயலாக்: கேள், காத்திரு, விடையை வாங்கு

பலர் இதை ஒரு ‘நிகழ்வு’ உத்தியாகவே நினைப்பதில்லை. ஆனால் மேலே சொன்ன முட்டுச்சந்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஸ்விங்கின் டயலாக் கிளாஸான ஜேடயலாகை மோடலாக அமைத்து, அதைத் திரையில் காட்டும் செட்விசிபிள் மெத்தடை அழைத்தால், டயலாக் மூடப்படும்வரை அந்த அழைப்பு திரும்பி வராது. திரும்பி வந்த அடுத்த வரியிலேயே ‘என்ன விடை?’ என்று டயலாகிடம் கேட்டுக்கொள்ளலாம். டிஸ்போஸ் ஆன (அதாவது சாளரம் திரையிலிருந்து முழுதாக விடுவிக்கப்பட்ட) பிறகும் ஆப்ஜெக்ட் கையில் இருப்பதால் அதன் மதிப்புகள் அப்படியே இருக்கும். லிசனர் வேண்டாம், பதிவும் வேண்டாம், பதிவு நீக்கமும் வேண்டாம். ஸ்விங்கின் ஆயத்த டயலாக் கிளாஸான ஜேஆப்ஷன்பேன் இப்படித்தான் வேலை செய்கிறது. பயனர் ‘ரத்து’ செய்தால் உள்ளீட்டு டயலாக் ‘நல்’ (null, எதுவும் இல்லை என்ற) மதிப்பைத் திருப்பித் தரும்.

‘அழைப்பு அங்கேயே நின்றால் பின்னாலிருக்கும் சாளரம் உறைந்துவிடாதா?’ உறையாது. மோடல் டயலாக் காத்திருக்கும்போதே நிகழ்வுகளைத் தொடர்ந்து பரிமாறிக்கொண்டிருக்கிறது. பின்னாலிருக்கும் சாளரம் தன்னை வரைந்துகொள்ளும். பயனரின் சொடுக்குகளை மட்டும் ஏற்காது.

அந்த ஏற்காமைதான் இதன் விலை. பழைய வரியைப் பார்த்துப் புதியதை நிரப்ப நினைக்கும் பயனரால் பட்டியலை உருட்டக்கூட முடியாது. ஜாவா 6 கொண்டுவந்த டாக்குமென்ட் மோடல் வகை இதை ஓரளவு தளர்த்துகிறது: நிரல் முழுவதையும் தடுக்காமல் ஒரு சாளரக் குடும்பத்தை மட்டும் தடுக்கும். எந்தக் குடும்பம் என்பது, டயலாகுக்கு உரிமையாளராக எதைக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

சிறிய பொறி ஒன்றும் உண்டு. செட்விசிபிளுக்குப் பிறகு எழுதிய வரிகள் டயலாக் மூடிய பின்பே ஓடும். பொத்தான்களுக்கான லிசனர்களை அங்கே எழுதிவிட்டு ‘பொத்தான் வேலை செய்யவில்லை’ என்று ஒரு மாலையைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

## நேரடிக் குறிப்பு: ‘என்னை வைத்துக்கொள்’

திருத்தும் சாளரத்தின் கன்ஸ்ட்ரக்டரில் பட்டியல் சாளரம் தன்னையே கொடுத்துவிடுகிறது. சேமித்ததும் அதன் புதுப்பிக்கும் மெத்தட் நேராக அழைக்கப்படுகிறது. தடம் பிடிப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டே சாளரங்கள் கொண்ட சிறு கருவிக்கு இதற்கு மேல் செய்வது வீண் வேலை.

நாளை தேடல் சாளரத்திலிருந்தும் அதே திருத்தும் சாளரத்தைத் திறக்கவேண்டும் என்று வரும்போதுதான் வலி தொடங்கும். கன்ஸ்ட்ரக்டர் பட்டியல் சாளரத்தைக் கேட்கிறது. தேடலிடம் அது இல்லை. அப்போது அவசரத்துக்கு யாரோ ஒருவர் முதன்மைச் சாளரத்தை ஸ்டாடிக் மாறியில் வைத்துவிடுவார். அன்றிலிருந்து எந்தச் சாளரமும் எதையும் மாற்றலாம், எதையும் தனியாகச் சோதிக்க முடியாது.

## லிசனர்: யார் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டாம்

1997-இல் வந்த ஜேடிகே 1.1 (ஜாவாவின் அன்றைய பதிப்பு) தான் இந்த முறையை ஜாவாவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் நிகழ்வைப் பிடிக்க கிளாஸை நீட்டித்து மெத்தடை மாற்றி எழுதவேண்டியிருந்தது. 1.1 முதல், ஆர்வம் உள்ளவர் பதிவு செய்துகொள்ளலாம். நிகழ்வு எழும் ஆப்ஜெக்ட், பதிவு செய்த அனைவருக்கும் சொல்லும். ஸ்விங் பொத்தான்கள் இன்றும் செய்வது இதையே. உங்கள் சாளரமும் ஒரு பெரிய பொத்தான் போல நடந்துகொள்ளலாம்: ‘சேமிக்கப்பட்டது’ என்ற நிகழ்வை அறிவிக்கும், கேட்பது பட்டியலா தேடலா என்பது அதற்கு அக்கறையில்லை.

2014-இல் ஜாவா 8 லாம்டாவை (பெயரில்லாமல் அங்கேயே எழுதும் சிறு செயல்பாட்டை) தந்த பிறகு, ஒரே ஒருவர் கேட்டால் போதும் என்ற இடத்தில் தனி இன்டர்ஃபேஸ் கூடத் தேவையில்லை. மதிப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளும் ஆயத்த இன்டர்ஃபேஸான கன்ஸ்யூமர் போதும். பலர் கேட்பதாக இருந்தால் ஸ்விங்கிலேயே ஈவென்ட் லிசனர் லிஸ்ட் என்ற கிளாஸ் இருக்கிறது. பழைய பாடநூல்கள் காட்டும் அப்சர்வபிள் கிளாஸை மட்டும் தொடாதீர்கள். 2017-இல் ஜாவா 9 அதைக் கைவிடப்பட்டதாக அறிவித்துவிட்டது. அதை நீட்டித்தே ஆகவேண்டும், ஒரு கிளாஸால் ஒன்றை மட்டுமே நீட்டிக்க முடியும் என்பதால், ஸ்விங்கின் சாளரக் கிளாஸான ஜேஃப்ரேமை ஏற்கெனவே நீட்டித்த கிளாஸுக்கு அது எப்போதுமே உதவியதில்லை.

லிசனரின் மறைந்த செலவு ஆயுளில் இருக்கிறது. குறுகிய ஆயுள் கொண்ட திருத்தும் சாளரம் பேச, நீண்ட ஆயுள் கொண்ட பட்டியல் கேட்டால் கவலையில்லை. பேசுபவர் மறையும்போது பதிவும் சேர்ந்தே மறையும். திசை மாறினால் நிலைமை வேறு. நான் எழுதிய ஒரு நிரல் காலையில் துள்ளி ஓடியது, மாலையில் தவழ்ந்தது. ஒரு வரியைச் சேமித்தால் திரை சில விநாடிகள் திணறும். திருத்தும் சாளரங்கள் ஒவ்வொன்றும் திறக்கும்போது பட்டியலின் ‘மாறியது’ நிகழ்வுக்குப் பதிவு செய்திருந்தன. மூடும்போது யாரும் நீக்கவில்லை. திரையில் ஒரு சாளரம், பின்னால் அன்று முழுவதும் மூடிய சாளரங்களின் ஆவிகள். ஒவ்வோர் ஆவியும் தரவுத்தளத்தை ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது.

சரி, மூடும்போது நீக்கிவிடலாம் என்றால், ‘மூடும்போது’ என்பது எப்போது? விண்டோ லிசனரில் ‘மூடப்படுகிறது’, ‘மூடப்பட்டது’ என்று இரண்டு நிகழ்வுகள் உண்டு. இரண்டாவது, டிஸ்போஸ் அழைக்கப்பட்டால் மட்டுமே வரும். ஜேஃப்ரேமின் மூலையிலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால், நீங்கள் வேறு எதுவும் சொல்லாதவரை, சாளரம் மறைக்கத்தான் படுகிறது, டிஸ்போஸ் ஆவதில்லை. ஆகவே ‘மூடப்பட்டது’ நிகழ்வில் எழுதிய நீக்கும் வரி ஓடவே ஓடாது. மூடும் முறையை டிஸ்போஸ் என்று மாற்றிவைத்தால் ஓடும்.

இன்னொரு பொறி இதைவிட நுண்மையானது. மெத்தட் குறிப்பை நேராகக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, அதே மெத்தட் குறிப்பை மறுபடி எழுதி நீக்க முயன்றால் நீங்காது. எழுதும் ஒவ்வொரு முறையும் வேறொரு ஆப்ஜெக்ட் பிறக்கக்கூடும். முதல் முறையே ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியைக் கொண்டே நீக்கவேண்டும்.

## பொது மாதிரி: சாளரங்கள் பேசிக்கொள்ளவே வேண்டாம்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். ‘அந்தச் சாளரத்துக்கு எப்படிச் சொல்வது’ என்ற கேள்வியைத் தூக்கிப்போட்டுவிட்டு, ‘இரண்டும் எந்தத் தரவைக் காட்டுகின்றன’ என்று கேட்டால், பேச்சே தேவைப்படாத இடங்கள் எத்தனையோ தெரியவரும்.

அந்தத் தரவை வைத்திருக்கும் ஆப்ஜெக்டே மாதிரி, அதாவது மாடல். ஸ்விங் உள்ளுக்குள் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. வெவ்வேறு சாளரங்களில் இருக்கும் இரண்டு ஜேடேபிள்களுக்கு ஒரே டேபிள் மாடலைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றில் திருத்தினால் மற்றதில் அக்கணமே தெரியும். இரண்டு உரைப்பெட்டிகளுக்கு ஒரே டாக்குமென்டைக் கொடுத்தாலும் அப்படியே. மெனுவிலும் கருவிப்பட்டையிலும் இருக்கும் இரண்டு பொத்தான்கள் ஒரே ஆக்‌ஷன் ஆப்ஜெக்டைப் பகிர்ந்துகொண்டால், அதை ஒரு வரியில் முடக்கினால் இரண்டுமே மங்கிப்போகும்.

சொந்தத் தரவுக்கு ப்ராப்பர்ட்டி சேஞ்ச் சப்போர்ட் என்ற கிளாஸ் கை கொடுக்கும். மாதிரிக்குள் அதை வைத்துக்கொண்டு, மதிப்பு மாறும்போது பழையது இது, புதியது இது என்று அறிவிக்கவேண்டும். பழையதும் புதியதும் சமமாக இருந்தால் அது யாருக்கும் சொல்லாது. பார்க்கச் சிறிய விஷயம். ஆனால் சாளரம் ஒன்று மாதிரியை மாற்ற, மாதிரி சாளரத்தை மாற்ற, சாளரம் மறுபடி மாதிரியை மாற்ற என்று சுழலும் வட்டத்தை அறுப்பது பெரும்பாலும் இந்தச் சரிபார்ப்புதான்.

அதே சரிபார்ப்பு எதிராகவும் திரும்பும். பட்டியல் ஒன்றில் ஓர் உறுப்பைச் சேர்த்துவிட்டு, பழையது, புதியது என்று இரண்டு இடத்திலும் அதே பட்டியலைக் கொடுத்தால் சமம் என்று கருதி வாயைத் திறக்காது. புதிய நகல் ஒன்றை எடுத்து மாற்றிக் கொடுக்கவேண்டும். அல்லது பழைய மதிப்பாக ‘நல்’ கொடுக்கவேண்டும். பண்பின் (ப்ராப்பர்ட்டியின்) பெயர் வெறும் எழுத்துச் சரம் என்பதும் ஒரு தொல்லை. ஓர் எழுத்துப் பிசகினால் கம்பைலர் கண்டுகொள்ளாது. மாறிலியாக வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்விங்கின் ஆயத்த மாதிரிகளுக்கும் தத்தம் பிடிவாதங்கள் உண்டு. டாக்குமென்ட் லிசனருக்குள்ளிருந்தே அந்த டாக்குமென்டை மாற்ற முயன்றால் பிழை எறியும். ஜேடேபிளின் வரிசைப்படுத்தல் மாதிரியில் அல்லாமல் பார்வையில் நடப்பதால், திரையில் மூன்றாவதாகத் தெரியும் வரி மாதிரியில் மூன்றாவதாக இருக்கும் என்று நம்பாதீர்கள். எண்ணை மாற்றித் தரும் மெத்தடை அழைக்காமல் விட்டால், ஒருவரைத் திருத்தப்போய் இன்னொருவரைத் திருத்திவிடுவீர்கள்.

ஆயுள் சிக்கல் இங்கே இன்னும் கூர்மையாகும், ஏனென்றால் மாதிரிதான் எல்லோரையும்விட நீண்ட நாள் வாழ்வது. சாளரம் மூடும்போது பதிவு நீக்கம் கட்டாயம். வீக் ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்டை உயிரோடு பிடித்து வைக்காத பலவீனமான குறிப்பு) வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: லாம்டாவைப் பலவீனமான குறிப்பால் மட்டும் பிடித்து வைத்திருந்தால், பயன்படாத ஆப்ஜெக்டுகளை நினைவகத்திலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டர் வந்து எடுத்துப்போய்விடும். சோதிக்கும்போது ஓடும். பயனரிடம் போனபின் பத்து நிமிடத்தில் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

## ஈவென்ட் பஸ்: ஏற்றிவிட்டால் எங்கோ இறங்கும்

நடுவில் ஓர் ஆப்ஜெக்ட். யார் வேண்டுமானாலும் அதில் நிகழ்வைப் போடலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அனுப்புபவருக்கும் கேட்பவருக்கும் பொதுவாகத் தெரிந்திருக்கவேண்டியது நிகழ்வின் கிளாஸ் மட்டுமே. ஒருவரையொருவர் அறியாத தொகுதிகள், பின்னாளில் செருகப்படும் ப்ளக்-இன்கள் இருக்கும் பெரிய நிரலுக்கு இது பொருந்தும். ‘பயனர் வெளியேறினார்’, ‘மொழி மாற்றப்பட்டது’, ‘இணைப்பு அறுந்தது’ போன்ற நிரல் தழுவிய அறிவிப்புகளுக்கும் ஏற்றது.

ஆனால் ஒரு பட்டியலைப் புதுப்பிப்பதற்காக பஸ் வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். தடம் என்ற அளவுகோலில் இது கடைசி இடம். ‘இந்த மெத்தடை யார் அழைக்கிறார்கள்’ என்று எடிட்டரிடம் கேட்டால் பஸ்ஸைக் காட்டும். பஸ்ஸை எல்லோரும் அழைக்கிறார்கள். கூகுளின் குவாவா நூலகத்தில் இருக்கும் ஈவென்ட் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்: கேட்பவரிடம் பிழை எழுந்தால் அது பதிவேட்டில் எழுதப்படும், அனுப்பியவருக்குத் தெரியாது. கேட்க யாருமே இல்லாவிட்டாலும் பிழை இல்லை. அந்த நூலகத்தின் ஆவணமே இப்போது அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது.

தேவை உண்மையாக இருந்தால், நிகழ்வின் கிளாஸையும் அதைக் கேட்பவர்களின் பட்டியலையும் இணைக்கும் ஒரு மேப் வைத்துச் சில பத்து வரிகளில் சொந்தமாக எழுதிக்கொள்ளலாம். நிகழ்வுகளின் பெயரைச் சரமாக வைக்காமல் கிளாஸாக வைத்தால் தேடவாவது முடியும்.

## எல்லோருக்கும் பொதுவான த்ரெட்

எந்த வழியைப் பிடித்தாலும் இது விடாது. ஸ்விங் சாளரங்கள் எத்தனை திறந்திருந்தாலும் அவற்றின் நிகழ்வுகளைப் பரிமாறுவது ஈவென்ட் டிஸ்பேச் த்ரெட் ஒன்றே. ஒரு சாளரத்தின் லிசனரில் நீண்ட தரவுத்தளக் கேள்வியை ஓட்டினால் எல்லாச் சாளரங்களும் சேர்ந்தே உறையும். மறுபக்கம், லிசனர் எந்த த்ரெட்டில் ஓடும் என்பதை அறிவித்தவரே தீர்மானிக்கிறார். பின்னணி த்ரெட்டிலிருந்து ‘மாறியது’ என்று கத்தினால், அந்தப் பின்னணி த்ரெட்டே போய் டேபிளைத் தொடும். எப்போதாவது ஒருமுறை மட்டும் திரை கலையும். அத்தகைய பிழையைத் துரத்துவது போன்ற தண்டனை வேறில்லை.

ஒவ்வொரு கேட்பவரும் தனித்தனியாக இன்வோக்லேட்டரை (வேலையை ஈவென்ட் டிஸ்பேச் த்ரெட்டிடம் ஒப்படைக்கும் மெத்தடை) அழைப்பதைவிட அறிவிக்கும் இடத்திலேயே த்ரெட்டை மாற்றிவிடுவது மேல். ஸ்விங் ப்ராப்பர்ட்டி சேஞ்ச் சப்போர்ட் என்ற கிளாஸ் இதற்காகவே இருக்கிறது: கன்ஸ்ட்ரக்டரின் இரண்டாவது மதிப்பை ட்ரூ என்று கொடுத்தால் லிசனர்களைச் சரியான த்ரெட்டில்தான் எழுப்பும். நீண்ட வேலையைப் பின்னணி த்ரெட்டில் ஓட்ட ஸ்விங்வொர்க்கர். வேலை முடிந்ததும் அதன் டன் மெத்தட் திரைக்குரிய த்ரெட்டிலேயே ஓடும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தச் செய்திக்கு | தடம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| மோடல் டயலாக் | ஒரு கேள்வி, ஒரு விடை | மிகத் தெளிவு | பின்னாலிருக்கும் சாளரத்தைத் தொட முடியாது |
| நேரடிக் குறிப்பு | இரண்டே சாளரங்கள் | மிகத் தெளிவு | மூன்றாவது சாளரம் வந்ததும் உடையும் |
| லிசனர் | ஓர் அறிவிப்பு, ஓரிருவர் கேட்பது | தெளிவு | பதிவு நீக்கம், மூடும் நிகழ்வின் குழப்பம் |
| பொது மாதிரி | பலர் காட்டும் நிலை | ஓரளவு | மாதிரியை வடிவமைக்கும் உழைப்பு, பதிவு நீக்கம் |
| ஈவென்ட் பஸ் | நிரல் தழுவிய அறிவிப்பு | மங்கல் | விழுங்கப்படும் பிழைகள், கேட்பாரற்ற நிகழ்வுகள் |

ஜாவாவின் இன்னொரு சாளர நூலகமான ஜாவாஎஃப்எக்ஸில் எழுதுபவர்களுக்கும் கணக்கு இதேதான், கருவிகளின் பெயர்தான் வேறு. மோடல் டயலாகின் இடத்தில் காட்டிக் காத்திருக்கும் ஷோஅண்ட்வெயிட், பொது மாதிரியின் இடத்தில் ப்ராப்பர்ட்டிகளும் அவற்றைப் பிணைக்கும் பைண்டும், இன்வோக்லேட்டருக்குப் பதில் ரன்லேட்டர். பிணைப்பு மொழியிலேயே இருப்பது போல எளிதாக எழுத வருவதால் அங்கே பொது மாதிரியைத் தேர்வது இன்னும் சுலபம்.

## உங்கள் இடத்தில் நான் இருந்தால்

தொடக்கத்தில் சொன்ன பட்டியலும் திருத்தமும் மட்டும் என்றால் மோடல் டயலாக். ஐந்து நிமிட வேலை. பயனர் நான்கு திருத்தும் சாளரங்களை ஒரே நேரத்தில் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்றால் பொது மாதிரி, சந்தேகமே வேண்டாம். இரண்டையும் கலப்பதிலும் தவறில்லை: டயலாக் விடையைத் தருகிறது, திறந்த சாளரம் அதை மாதிரியில் வைக்கிறது, மற்றவர்களுக்கு மாதிரி சொல்லிக்கொள்கிறது. திரும்பத் திரும்ப வெவ்வேறு இடங்களிலிருந்து திறக்கப்படும் தேதி தேர்வி, வண்ணத் தேர்வி போன்ற சிறு சாளரங்களுக்கு லிசனர்.

கையில் இருப்பது, எல்லாச் சாளரமும் முதன்மைச் சாளரத்தின் ஸ்டாடிக் மாறியைப் பிடித்துத் தொங்கும் பழைய நிரல் என்றால், அதை ஒரே மூச்சில் மாற்றப் புறப்படாதீர்கள். ஒரு திருத்தும் சாளரத்தை மட்டும் எடுங்கள். அது முதன்மைச் சாளரத்தின் எந்த மெத்தட்களை உண்மையில் அழைக்கிறது என்று எண்ணுங்கள். என் அனுபவத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றை மட்டும் கொண்ட ஓர் இன்டர்ஃபேஸை எழுதி, முதன்மைச் சாளரத்தை அதை ஏற்கச் செய்து, திருத்தும் சாளரத்தின் கன்ஸ்ட்ரக்டர் அந்த இன்டர்ஃபேஸை வாங்கும்படி மாற்றுங்கள். மற்றக் கோப்புகளில், அந்தச் சாளரத்தைத் திறக்கும் வரிகளைத் தவிர வேறெதையும் அன்று தொடவேண்டியிருக்காது.